புரட்டாதியில் கழுவ வேண்டிய வீடு

தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் திருகோணமலையில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் வீடு கழுவுகிற சத்தம் கேட்கும். பாயும் தலையணையும் மதில்மேல் காயும், ஒட்டறைக் கம்பு கூரை மூலைக்குப் போகும், முன்சுவருக்கு வெள்ளை அடிபடும். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நேரத்துக்கு மாரி தன் வேலையை முடித்திருக்கும். ஐப்பசியில் இறங்கும் மழை கார்த்திகையிலும் மார்கழியிலும் ஊரை ஊறவைத்து, டெங்கையும் வயிற்றோட்டத்தையும் எலிக்காய்ச்சலையும் வளவுக்குள் கொண்டுவந்து விட்டிருக்கும்.

நம் ஊரில் வீட்டை அடியோடு துப்புரவாக்க வேண்டிய மாதம் புரட்டாதி. கச்சான் காற்று தணிந்து, வெயில் இன்னும் எரிக்கிற, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிற மாதம். செப்ரெம்பர் நடுவில் தொடங்கினால் முதல் பெருமழைக்கு முன் முடித்துவிடலாம். அந்த வேலை விறாந்தையிலும் ஹோலிலும் தொடங்குவதில்லை. கூரையில் தொடங்கிக் கிணற்றில் முடிகிறது. நோய் குடியிருப்பது தூசி படிந்த அலுமாரியில் அல்ல, ஈரம் நிற்கிற இடத்தில்.

இதற்கு வலுவான காரணம் டெங்கு நுளம்பின் முட்டை. அந்த நுளம்பு தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒட்டிவிடும். கரும்புள்ளிபோல, கண்ணுக்கு அகப்படாத அளவு. தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்தாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழை வந்து தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டவுடன் பொரிக்கும். நம் வெக்கையில் முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாளியைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. உட்பக்கத்தைத் தும்புத் துண்டாலோ தேங்காய்ப் பொச்சாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்துக் கழுவின தண்ணீரையும் காய்ந்த மணலில்தான் ஊற்ற வேண்டும், கானுக்குள் அல்ல. கானில் ஊற்றினால் முட்டையிலிருந்து வரும் குடம்பி அங்கே வளரும்.

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரே ஆண்டில் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. முந்தின ஆண்டுதான், 2016 செப்ரெம்பரில், மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்திருந்தது. ஒரு நுளம்பை வென்ற நாட்டில் இன்னொரு நுளம்பு வென்றது. மலேரியா நுளம்பு ஆற்றுக் குழிகளிலும் வயற்பக்கத்திலும் பெருகியது, அதை அரசாங்கம் மருந்தடித்து அடக்கலாம். டெங்கு நுளம்பு பெருகுவது நம் வீட்டு யோகட் கோப்பையில். அங்கே நாம்தான் போக வேண்டும்.

முதலில் கூரை. வேப்பமரமோ மாமரமோ நிழல் தரும் வீட்டில் கூரைத்தண்ணீர் ஓடும் பீலி நிரம்ப இலை கிடக்கும். ஏணி வைத்து ஏறி இலையை அள்ளின பிறகு ஒரு வாளி தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் நடுவில் தண்ணீர் தேங்கி நின்றால் பீலி தொய்ந்திருக்கிறது என்று பொருள். தாங்கும் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து இளகுவதுதான் இங்கே வழக்கமான காரணம். பத்து அடிக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும். அதைச் சரிக்கட்ட முடியாவிட்டால் பீலியைக் கழற்றிவிடுங்கள். கூரைத்தண்ணீர் மணலில் விழட்டும், நம் மணல் அதைக் குடிக்கும். பராமரிக்காத பீலியைவிடப் பீலி இல்லாத கூரை நல்லது. வெளியே நீட்டின கொங்கிரீட் பிளேட் இருந்தால் அதன் மேலும் ஒருமுறை பார்க்க வேண்டும். கீழிருந்து தெரியாத குளம் அங்கே இருக்கும்.

அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரையாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. பாசியை எடுக்கிறோம் என்று கம்பித்தூரிகையால் காய்ந்தபடி சுரண்டக் கூடாது. சுரண்டும்போது பறக்கிற நார் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. சீற்றை நன்றாக நனைத்துவிட்டு மெதுவாக இலையை மட்டும் தள்ளுங்கள். பாசி கிடந்தால் கிடக்கட்டும்.

கூரையிலிருந்து இறங்கினால் தண்ணீர்த் தொட்டி. நகரத்துக்குள் வருகிற குழாய்நீர் கந்தளாய்க் குளத்து நீர், குளோரின் போட்டுத்தான் வருகிறது. ஆனால் 1000 லீற்றர் தொட்டியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்தால் அந்தக் குளோரின் போய்விடும். அடியில் படிந்த சேற்றில் கிருமி வளரும். ஆண்டுக்கு இரண்டு தரம் தொட்டியை வடித்து, அடிச்சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தொட்டியை நிரப்பி, 5 வீத பிளீச் 1 லீற்றர் ஊற்றி நாலு மணி நேரம் விடுங்கள். வீட்டின் எல்லாக் குழாயையும் ஒருதரம் திறந்து குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு மூடினால் குழாய்க்குள்ளும் துப்புரவாகும். நாலு மணி நேரத்துக்குப் பிறகு முழுவதையும் வடித்துவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கிறதா, நிரம்பி வழியும் குழாய் வாயில் நுளம்பு வலை கட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். நுளம்பு உள்ளே போகிற வழி பெரும்பாலும் அந்த வழிகுழாய்தான்.

வளவைச் சுற்றி வரும்போது சிரட்டை, குரும்பைக் கோம்பை, டயர், உடைந்த கக்கூஸ் கோப்பை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாமல் தப்புகிறவை வேறு. பிரிஜ்ஜின் பின்பக்கத்து நீர்த்தட்டு. கோப்பை காயவைக்கும் தட்டின் அடிப்பாகம். போத்தலில் நீர்விட்டு வளர்க்கும் மணி பிளாண்ட். சாமியறைப் பூச்சாடி. குசினி அலுமாரிக் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர் விட்டு வைக்கிற கிண்ணம். இந்தக் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் பழைய எண்ணெய் விட்டால் எறும்பும் ஏறாது, நுளம்பும் இடாது. நாய்க்கும் கோழிக்கும் தண்ணீர் வைக்கும் சட்டியைக் கிழமைக்கு ஒருதரம் தேய்க்க வேண்டும்.

கடற்கரையோரத்து வீடுகளுக்கு இன்னொன்று உண்டு. வாடைக்காலத்தில் கடல் எழும்பும்போது திருக்கடலூரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரை வள்ளங்களைக் கரையேற்றி வைப்பார்கள். பைபர் வள்ளத்துக்குள் மழைநீர் நின்றால் அது ஆயிரம் கோப்பைக்குச் சமம். கவிழ்த்து வைக்க முடியாத பெரிய வள்ளமென்றால் அடியிலுள்ள தக்கையைக் கழற்றி, பின்பக்கம் தாழச் சரித்து வைத்தால் தண்ணீர் நிற்காது. மீன் போட்ட றெஜிபோம் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்குங்கள். வலைக்குவியலை மூடின தறப்பாளின் பள்ளங்களிலும் தண்ணீர் நிற்கும். நடுவில் ஒரு கம்பை நிறுத்திக் கூடாரமாக்கினால் வழிந்தோடிவிடும்.

இனிக் கிணறு. திருகோணமலைக் கரையோரத்தில் வீட்டுச் சுகாதாரத்தின் பாதி இதற்குள்தான் கிடக்கிறது, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மணற்றரையில் கிணறு ஆழமில்லை. மாரியில் நீர்மட்டம் மேலே வந்து கையெட்டும் தூரத்தில் நிற்கும். அதே மழையில் மலக்குழியைச் சுற்றியும் நிலத்தடி நீர் ஏறுகிறது. கோடையில் குழிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் காய்ந்த மணல் வடிகட்டியாக நிற்கும். மாரியில் அந்த வடிகட்டி மூழ்கிவிடும். குழியும் கிணறும் ஒரே தண்ணீருக்குள் நிற்கும். ஐம்பது அடி தூரம் விட்டிருக்கிறோம் என்று நம்பியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சிறு வளவுகளில் உங்கள் கிணற்றுக்கு ஐம்பது அடிக்குள் பக்கத்து வீட்டுக் குழி இருக்கலாம், மதில் அதை மறைத்திருக்கும். ஆகவே ஐப்பசியிலிருந்து மாசி வரை, தண்ணீர் கண்ணாடிபோல் தெரிந்தாலும் சரி, குடிக்கிற நீரைக் கொதிக்க வையுங்கள். பெருங்குமிழாக ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கால் மணி நேரம் கொதிக்கவைத்து விறகையும் காஸையும் வீணாக்க வேண்டியதில்லை. கொதித்த நீரை அதே பாத்திரத்திலோ குறுகிய வாய்க் குடத்திலோ மூடி ஆறவிடுங்கள். கொதிக்கவைத்த நீர் கெடுவது அடுப்பிலிருந்து இறக்கின பிறகு, யாரோ கையோடு டம்ளரை உள்ளே விடும்போதுதான். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. இல்லையென்றால் நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்றைக் குடத்துக்கென்றே தொங்கவிடுங்கள்.

புரட்டாதியில் கிணற்றுக் கட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கட்டிலும் சுற்றுத்தளத்திலும் வெடிப்பு இருந்தால் குளித்த, உடுப்புத் தோய்த்த தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள்தான் போகிறது. ஒரு சீமெந்து, மூன்று மணல் கலந்து பூசி அடைக்கலாம். தளம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், தண்ணீர் கானால் வாழைக்குப் போகட்டும். வாளியையும் கயிற்றையும் நிலத்தில் போடாமல் கொளுவி வைக்க ஓர் ஆணி போதும். கோழி நடந்த மண்ணில் கிடந்த கயிறு கிணற்றுக்குள் இறங்குவதை யோசித்துப் பாருங்கள்.

கிணற்றை மூட வேண்டும். பல வீடுகளில் பழைய மீன்வலையைப் போட்டு மூடுகிறார்கள். இலை விழாது, பிள்ளை விழாது, ஆனால் நுளம்பு தாராளமாகப் போய்வரும். நுளம்பு வலைத் துணியை மீன்வலைக்கு மேல் விரித்து, கட்டைச் சுற்றி இறப்பர்க் கயிற்றால் இறுக்கினால் இரண்டு வேலையும் நடக்கும். பம்பியில் இறைப்பவர்களுக்கு இது கஷ்டமில்லை. வாளியால் அள்ளுகிறவர்கள் கப்பி மீன் விடலாம், அது குடம்பியைத் தின்றுவிடும். ஆனால் மீன் விட்ட கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மீன் சாகும். இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். குளோரின் போட வேண்டி வந்தால் மீனை முதலில் வாளியில் எடுத்து வைத்து, மணம் போன பிறகு திரும்ப விடுங்கள்.

குளோரின் அளவைக் கண்மட்டாகப் போடுவதுதான் பெரும்பாலும் பிழைக்கிறது. கணக்கு எளிது. கிணற்றின் விட்டத்தை அடிக்கணக்கில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 22 ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். 5 அடி விட்டம், 6 அடி நீர் என்றால் 5 × 5 × 6 × 22, அதாவது 3300 லீற்றர். ஆழத்தை அளக்கக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியை அளந்தால் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1000 லீற்றருக்கு 50 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கொள்ளுங்கள். மேலே சொன்ன கிணற்றுக்கு 165 கிராம். தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும், பயன் ஒன்றுமில்லை. ஓர் இரவு விட்டு, மறுநாள் மணம் அடங்கும்வரை இறைத்து விடுங்கள்.

கலங்கல் நீரில் குளோரின் வேலை செய்யாது. சேறு அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இராது. தெளியவிட்ட பிறகே போட வேண்டும். தூளும் புதிதாக இருக்க வேண்டும். திறந்த பொதி ஒரு மாரி கடந்தால் மணம் மட்டும் இருக்கும், வலு இருக்காது. உங்கள் பகுதிப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டால் தூளின் வலுவுக்கு ஏற்ற அளவைச் சொல்வார். வயிற்றோட்டம் பரவுகிற நாளில் அன்றாடப் பாவனைக்கு 1000 லீற்றருக்கு 2.5 கிராம் போதும், மாலையில் கடைசியாக அள்ளின பிறகு போட்டுக் காலையில் எடுக்கலாம். ஆனால் அது ஒருநாள் காவல்தான், தினமும் போட வேண்டும். குடிநீருக்குக் கொதிக்கவைப்பதே நம்பகமானது.

வெள்ளம் வடிந்தவுடன் பெரிய பம்பியைப் போட்டுக் கிணற்றை ஒட்ட இறைக்கிற பழக்கம் கரையோரத்தில் ஆபத்து. மணலுக்குள் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. வேகமாக இறைத்தால் மேலிருக்கிற நன்னீர் போய், கீழிருக்கிற உப்பு ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இப்படி அவசரமாக இறைத்த கிணறுகள் இன்னும் உப்பேறின. வெளியே மண் ஊறி நிற்கும்போது உள்ளே வெறுமையானால் கிணற்று வளையமும் இடிந்து விழலாம். கொஞ்சங்கொஞ்சமாக, நாள்விட்டு நாள் இறைப்பதே முறை.

மலக்குழிக்கு வருவோம். மூடிப் பிளேட்டில் வெடிப்பு, காற்றுக்குழாய் வாயில் வலை இல்லாமை, இந்த இரண்டும்தான் இரவில் காதருகே ரீங்காரமிடும் நுளம்புக் கூட்டத்தின் பிறப்பிடம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் பெருகும். இது இரவு நுளம்பு, அழுக்குநீரில் பெருகும். குழாய் வாயில் வலைத்துண்டைக் கம்பியால் கட்ட ஐந்து நிமிட வேலை. உப்புக்காற்று இரும்பு வலையை ஓராண்டில் தின்றுவிடும், நைலோன் வலை போடுங்கள். குழிக்குள் பிளீச்சை வாளிக்கணக்கில் ஊற்ற வேண்டாம். மலத்தைக் கரைக்கிற நல்ல கிருமிகள் அதில் செத்தால் குழி சீக்கிரம் நிரம்பும்.

கைக்குழந்தையின் மலம் தீங்கில்லை என்று நினைத்து வாழையடியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரியவர் மலத்தைவிடக் குறைந்த கிருமி உள்ளதல்ல. அதுவும் மலசலகூடத்துக்குள்தான் போக வேண்டும், துடைத்த கை சவர்க்காரத்தால் 20 விநாடி கழுவப்பட வேண்டும். சவர்க்காரம் மலசலகூடத்தில் ஒன்று, குசினித் தொட்டியில் ஒன்று. எடுக்க நடந்து போக வேண்டிய சவர்க்காரத்தை யாரும் எடுப்பதில்லை.

குசினியில் நம் ஊரின் தனிச்சிக்கல் மீன். தினமும் மீன் வெட்டுகிற வீட்டில் அருவாமனை, பலகை, சட்டி, தண்ணீர்க்குழாயின் பிடி, நான்கிலும் செதிலும் இரத்தமும் ஒட்டும். முதலில் பச்சைத்தண்ணீரால் கழுவுங்கள். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால் இரத்தம் அவிந்து மரத்துக்குள் இறுகும். பிறகு சவர்க்காரம், அதன்பின் கொதிநீர், அதன்பின் வெயில். பலகையைப் படுக்கப் போடாமல் நிமிர்த்திச் சாத்தி வைக்க வேண்டும். மரக்கறிக்கு வேறு பலகை. ஒரே பலகைதான் உண்டென்றால் சம்பலுக்கும் சலாதுக்கும் உரியதை முதலில் அரிந்துவிட்டு மீனைப் பிறகு வெட்டுங்கள். பச்சையாகச் சாப்பிடுவதை அடுப்பு காப்பாற்றாது. மீன் கழிவை அன்றைக்கே ஓர் அடி ஆழத்தில் புதைத்தால் இலையானும் எலியும் பூனையும் வராது.

சூரை, கெளவல்லா, சாளை போன்ற மீன்களில் இன்னொரு விடயம் இருக்கிறது. ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வெக்கையில் கிடந்தாலே அந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும், கொறுக்காய் போட்டாலும் அது அழியாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். மீன் ஒவ்வாமை என்று நினைத்து ஆயுளுக்கும் மீனை விடுகிறவர்களும் உண்டு. அந்த மீனை ஐஸ் போட்ட பெட்டியிலிருந்து வாங்குங்கள், வீட்டுக்கு வந்தவுடன் வெட்டிக் கழுவிக் குளிரில் வையுங்கள்.

குசினித் துணிதான் வீட்டில் அதிகம் அழுக்கான பொருள் என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். எப்போதும் ஈரம், எப்போதும் சாப்பாட்டுத் துணுக்கு, எப்போதும் இளஞ்சூடு. அந்தத் துணியால் துடைக்கும்போது மேசை பளபளக்கிறது, கிருமி எல்லா இடமும் பரவுகிறது. இரண்டு துணி வைத்துக்கொண்டு ஒன்றைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு வெயிலில் காயவிடுங்கள், மற்றதைப் பாவியுங்கள். மாரியில் வெயில் இல்லாத நாளில் அடுப்பங்கரைச் சூட்டில் காயட்டும். காயாத துணி கழுவாத துணிக்குச் சமம். தேங்காய்ப்பால் விட்ட கறியும் சோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்கக் கூடாது. சோற்றில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகும்போது சாவதில்லை, சோறு வெளியில் மெல்ல ஆறும்போது முளைத்து நஞ்சு கக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

2022இல் காஸ் தட்டுப்பாட்டின்போது விறகடுப்புக்குத் திரும்பின வீடுகளில் பல இன்னும் அதிலேயே சமைக்கின்றன. புகைபோக்கி இல்லாவிட்டால் அடுப்புக்கு நேர்மேலே ஒரு திறப்பும் எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னலும் வேண்டும். முட்டு வருத்தமுள்ள பிள்ளையை அடுப்பருகே இருத்தாதீர்கள். மூடிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்துவதும் அதே புகைதான். வலை அதைவிட நல்லது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால், காய்ச்சல்காரருக்கும் பகலில் தூங்கும் குழந்தைக்கும் பகலிலும் வலை வேண்டும்.

கிருமிநீக்கத்துக்கு 5 வீத பிளீச் 20 மில்லிலீற்றரை 1 லீற்றர் தண்ணீரில் கலந்தால் தரைக்கும் மலசலகூடத்துக்கும் போதும். வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு 100 மில்லிலீற்றரை 900 மில்லிலீற்றர் தண்ணீரில். முதலில் சவர்க்காரத்தால் கழுவி அழுக்கை நீக்க வேண்டும், பிறகு பிளீச்சைப் பூசிப் பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். ஊற்றின கையோடு துடைத்துவிட்டால் ஒரு பயனும் இல்லை. சுடுநீரில் கலக்காதீர்கள், நேற்றுக் கலந்ததை இன்று பாவிக்காதீர்கள். ஹார்பிக் போன்ற அமிலத் திரவத்தோடு பிளீச் ஒருபோதும் சேரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு வரும், கதவு மூடின சின்ன மலசலகூடத்துக்குள் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதையே தவிருங்கள்.

எலிக்கு அரை அங்குல ஓட்டை போதும், சுண்டெலிக்குக் கால் அங்குலம். குழாய் சுவரைத் துளைக்கும் இடங்களைச் சீமெந்தும் கம்பித்தும்பும் சேர்த்து அடையுங்கள். சீமெந்து மட்டும் என்றால் காயுமுன் சுரண்டிவிடும். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி கூட்ட வேண்டாம். பிளீச் நீரைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கடதாசியால் எடுங்கள்.

வெள்ளம் புகுந்த வீட்டில் முதல் வேலை மெயின் சுவிச்சை நிறுத்துவது, அதுவும் காய்ந்த இடத்தில் நின்று எட்டுமென்றால் மட்டும். அடுத்தது காலுக்குப் பூட்ஸ். எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீர், குதிகால் வெடிப்பு வழியாகவும் சின்னக் கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சலை உள்ளே விடும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு இதற்கு முற்காப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்கலாம். சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுங்கள். காய்ந்தால் தூசியாகி மூச்சுக்குள் போகும். இரண்டு நாளுக்கு மேல் ஊறிக் கிடந்த பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம், உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். அலுமாரிகளை வடக்கு, கிழக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வாடைமழை அடிக்கிற சுவர்கள் அவைதான். பிளாஸ்டிக் பெயின்ற் அடித்த சுவர் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், சுண்ணாம்பு பூசின சுவர் மூச்சுவிடும். முன்சுவருக்கு எது பூசினாலும் படுக்கையறை உட்சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது.

கடைசியாக, பக்கத்துப் பூட்டின வீடு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களின் வீடுகள் எத்தனையோ ஒழுங்கைகளில் மூடிக் கிடக்கின்றன. அங்கே கொமோட்டிலும் அதன் தண்ணீர்த் தாங்கியிலும் நிற்கிற நீரில் நுளம்பு பெருகும். திறப்பு உங்கள் கையில் இருந்தால் தாங்கியை வடித்து, கோப்பைக்குள் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, வாயைப் பொலித்தீனால் மூடி ஒட்டுங்கள். கானின் மூடி வழியே உள்ளே நீர் விழாதபடி அதையும் அப்படியே அடையுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள். திறப்பு இல்லையென்றால் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள். இந்த வேலையையும் புரட்டாதி முடியுமுன் செய்ய வேண்டும். கார்த்திகையில் அந்த வளவுக்குள் முழங்கால் அளவு புல் நிற்கும்.